விரலறியும் ஒலிகள்

சாம்ப்ளர் என்பது ஒலித்துணுக்குகளைப் பதிந்து வைத்து, ரப்பர்க் கட்டங்களைத் தட்டியதும் அவற்றை எழுப்பும் கருவி. ரோஜர் லின் வடிவமைத்து, 1988-இல் அக்காய் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.சி. 60-இல் கட்டங்கள் 16. 2021-இல் வந்த ரோலண்டு எஸ்.பி. 404 எம்.கே. 2-இலும் 16 கட்டங்களே. ஆனால் 10 'பேங்க்'குகளாக மாற்றி மாற்றி 160 ஒலிகளை அவற்றில் வாசிக்கலாம். இடர்ப்பாடும் இங்கேதான்: ஒரே கட்டத்துக்குப் பத்து ஒலிகள்! மேடையில் நின்று தேட நேரமேது?

ஆகவே பாட்டுக்கொரு பேங்க் வகுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பேங்கிலும் தாளம் கீழ்வரிசையில், நீண்டொலிப்பவை மேல்வரிசையில் இருக்கட்டும். விரல் தானே இடமறியும். கை தடுமாறுவது பெரும்பாலும் ஒரு பாட்டிலிருந்து மறுபாட்டுக்குத் தாவும்போதுதான். எனவே முந்தைய பாட்டின் நீண்ட ஒலி அடங்குமுன் பேங்கை மாற்றி, அடுத்த தாளத்தை எடுப்பதையே நாள்தோறும் பழகுங்கள். அவையோர் காதில் இசை அறுபடாது.