ஈரத்தை மறைத்தவன் யார்?

மதீனத்துக் கடைவீதியில் குவித்திருந்த தானியத்துள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. பெருமானார் கண்டித்தது விற்றவனையே; வாங்க வந்தோரை அன்று.

இன்று அக்குவியல் கைப்பேசித் திரையில் இருக்கிறது. அயல்நாட்டு மருத்துவர் என்று பொய்முகம் பூண்டவன், விதவையரையும் தனித்திருப்போரையும் நாடி, மாதக்கணக்கில் இன்மொழி பேசி, நிகாஹ் செய்வதாக வாக்களிக்கிறான். பின்னர், தான் அனுப்பிய பரிசு சுங்கத்தில் நிற்கிறது என்று கூறிப் பணம் பறிக்கிறான். உலகெங்கும் பரவிய இவ்வஞ்சகத்தால், அமெரிக்காவில் மட்டும் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70,000 பேர் முறையிட்ட இழப்பு 130 கோடி டாலர்.

பணத்தினும் பெரிய இழப்பு, மானம் போயிற்றே என்னும் ஊமைத் துயரம். வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி வாய்மூடுவோரை அவன் மேலும் மிரட்டுகிறான். நம் ஏளனமே அவனுக்கு அரண்!

அன்பர்களே! தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம் பணிக்கிறது. வலீயும் சாட்சிகளும் அறிய நிகழ்வதே நிகாஹ். ஏமாந்தவர் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930இல் முறையிடட்டும். அவர் மானத்தைக் காப்பது நம் கடமை. பிறர் குறையை மறைப்போரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பானாக! ஆமீன்.