சுழலாத சக்கரத்தின் ஓலம்

அமெரிக்காவில் பழைய போலீஸ் கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பவர்கள் ஒரு தனி இனம். 1969ஆம் ஆண்டின் டாட்ஜ் பொலாரா ஒன்று எங்காவது துருவேறிக் கிடந்தால், ரோந்து போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதை நிறுத்திக் காட்டும்வரை ஓயமாட்டார்கள். பெயிண்ட் கிடைத்துவிடும், சீட் துணியும் கிடைத்துவிடும். கடைசியில் அவர்களைப் படுத்தி எடுப்பது டாஷ்போர்டுக்கு அடியில் திருகியிருக்கும் ஒரு தகரப் பெட்டி. முகப்பில் ஒரு திருகு குமிழ், ஒலி அளவுக்கு ஒன்று, பக்கத்தில் சுருள் வயரோடு ஒரு மைக். சிகாகோவின் ஃபெடரல் சிக்னல் நிறுவனம் ‘இன்டர்செப்டர்’ என்ற பெயரில் விற்ற வகையறா இது. பெட்டிக்குள் சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அது எழுப்பும் ஓலம் ஒரு சக்கரத்துடையது. பழுதுபார்ப்பதன் சிக்கலும் சுவையும் இங்கேதான் தொடங்குகின்றன.

சைரன் பிறந்ததே சுழற்சியில்தான். 1819இல் பிரான்சின் காஞ்யார் த லா தூர், துளையிட்ட வட்டத் தட்டு ஒன்றைக் காற்றின் பாதையில் சுழலவிட்டார். துளை வரும்போது காற்று பீறிடும், தட்டு மறைக்கும்போது நிற்கும். விநாடிக்கு எத்தனை வெட்டோ, அத்தனை அதிர்வு. தண்ணீருக்குள் முக்கினாலும் அது பாடியதால், கடலில் பாடி மாலுமிகளை மயக்கும் கிரேக்கப் புராண மங்கையரின் பெயரை அதற்கு வைத்தார். பின்னால் தீயணைப்பு வண்டிகளில் ஏறியதும் அதே தத்துவம்தான். பத்து வாய்கள் கொண்ட சக்கரம் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் ஒலி 1000 ஹெர்ட்ஸ். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததும் சக்கரம் வேகம் பிடிக்க, ஒலி ஏறும். நிறுத்தினால் கனத்த சக்கரம் மெல்ல மெல்லத் தளர, ஒலியும் இழுத்துக்கொண்டே இறங்கும். நம் செவியில் ‘ஆபத்து’ என்று பதிந்துபோன அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் உட்கார்ந்து இசையமைக்கவில்லை. இரும்புச் சக்கரம் சட்டென்று ஓடவும் முடியாமல் சட்டென்று நிற்கவும் முடியாமல் திணறியதன் சத்தம் அது.

இதற்கு விலை மின்சாரம். ஃபெடரலின் புகழ்பெற்ற கியூ2பி என்ற சுழல் சைரன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 100 ஆம்பியர் உறிஞ்சும். ஹெட்லைட் மங்கும் அளவுக்குப் பசி. தீயணைப்பு வண்டி தாங்கும், போலீஸ் கார் திண்டாடும். டிரான்சிஸ்டர் வந்ததும் சைரனிலிருந்து சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அதன் திணறலை மட்டும் கவனமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். எங்கே வைத்தார்கள் என்றால், ஒரு கண்டன்சரில்.

குடத்தில் தண்ணீர் நிரம்புவதுபோல் கண்டன்சரில் மின்னூட்டம் நிரம்புகிறது. ஒரு வித்தியாசம்: முதலில் மடமடவென்று ஏறும், நிறைய நிறைய வேகம் குறையும். காலியாகும்போதும் அப்படியே, முதலில் வேகம், பிறகு இழுவை. இந்த வளைவு, வேகம் பிடிக்கும் சக்கரத்தின் வளைவுக்கு ஆச்சரியமான அளவு நெருக்கமானது. கண்டன்சரில் ஏறி இறங்கும் வோல்டேஜைக் கொண்டு, ஒலி எழுப்பும் இன்னொரு அலையியற்றியின் சுருதியை ஏற்றி இறக்கினால் போதும், சக்கரம் இல்லாமலே சக்கரத்தின் குரல் வந்துவிடும். 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரை 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரப்பினால், இரண்டு விநாடியில் அது 63 சதவீதம் எட்டும். ஒரு நீண்ட ஓலத்துக்கு ஏற்ற அளவு. இதை ‘வெய்ல்’ என்பார்கள் (நம் வெயில் அல்ல), ஒரு சுற்று முடிய ஐந்து விநாடி போல ஆகும். இதே மின்சுற்றில் நேரத்தைச் சுருக்கிவிட்டால் விநாடிக்கு மூன்று முறை குரைக்கும் ‘யெல்ப்’. 108 ஆம்புலன்ஸ் நெரிசலான சந்திப்பை நெருங்கும்போது ஒலி நீளத்திலிருந்து துடிப்புக்கு மாறுகிறதே, அதே ஜோடிதான்.

இனி பழுதுக்கு வருவோம். ஐம்பது வருடம் கொட்டகையில் கிடந்த பெட்டி கைக்கு வந்ததும், நேரே பேட்டரியில் மாட்டிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. மிச்சமிருந்த உயிரும் அந்த நொடியில்தான் போகும். முதலில் திறந்து, பார்த்து, முகர வேண்டும். கருகிய டிரான்ஸ்ஃபார்மரின் வாசம் வருடக்கணக்கில் போகாது. அடுத்து, எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டிகளும் புழங்கிய காலத்துப் பொருள் இது, மாற்றிக் கொடுத்தால் முடிந்தது கதை. மின்சாரம் கொடுக்கும்போதும் இடையில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டு ஒயரிங்கில் எலெக்ட்ரீஷியன் சீரீஸ் லேம்ப் வைத்துப் பார்க்கிறாரே, அதே உபாயம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைக்கும்.

பெரும்பாலான பழைய சைரன்களில் குற்றவாளி அந்தக் கண்டன்சரேதான். எலெக்ட்ரோலிட்டிக் வகைக்குள் ஈரமான ரசாயனக் கரைசல் இருக்கிறது. அது வருடங்களில் காய்கிறது. கொள்ளளவு சுருங்கினால் ஓலம் அவசரப்படும். அதைவிட மோசம் கசிவு. ஒரு பக்கம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஒழுகும் குடம் விளிம்பை எட்டாது அல்லவா? வோல்டேஜ் திரும்ப வேண்டிய உச்சத்தைத் தொடவே தொடாது. சைரன் பாதி ஏறி, அங்கேயே ஒரே சுருதியில் முனகிக்கொண்டு நிற்கும். டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று நினைத்து நல்ல பாகங்களையெல்லாம் பிடுங்கிப்போட்டவர்கள் உண்டு.

சரி, மாற்றிவிடலாம். பழையதன் மேல் 100 என்று அச்சிட்டிருக்கிறது, கடையில் 100 வாங்கிப் பற்றவைத்தாயிற்று. சைரன் ஊளையிடுகிறது. ஆனால் காது பழகியவர் முகம் சுளிப்பார். காரணம் எளிது. அந்தக் காலத்து எலெக்ட்ரோலிட்டிக்குகளில் அச்சிட்ட அளவைவிட 75, 100 சதவீதம்கூட அதிகமாக இருக்க அனுமதி இருந்தது. 100 என்று எழுதிய உருளை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் 150ஆக இருந்திருக்கலாம். இன்றையது அச்சிட்டதற்குப் பக்கத்திலேயே நிற்கும் ஒழுங்குப் பிள்ளை. விளைவு, ஐந்து விநாடி ஓலம் மூன்றரை விநாடியில் முடிந்துவிடுகிறது. ஆகவே தேர்ந்த கைகள் அச்சிட்ட எண்ணை நம்புவதில்லை. சர்வீஸ் கையேட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று இருக்கிறதோ அதைக் கடிகாரம் வைத்து எண்ணி, சிறு கண்டன்சர்களைப் பக்கத்தில் சேர்த்துச் சேர்த்து அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் கைத்திறன் என்று சொல்லத்தக்கது இந்த அரை மணி நேரம்தான்.

இன்னொரு வகைப் பழுது ஒலியின் பலம் சம்பந்தப்பட்டது. 100 வாட் சைரன்களின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 11 ஓம். அதில் 100 வாட் இறங்க 33 வோல்ட் வேண்டும், காரில் இருப்பதோ 12 சொச்சம். அதனால் இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இழுக்க, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை உயர்த்துகிறது. செலவு பத்து ஆம்பியருக்குள் முடிந்துவிடும். பழைய மைக் செட் ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, 3055 என்று எண் போட்ட உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர் நினைவிருக்கும். அதே உருவம்தான் இங்கும். தொப்பிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் கண்ணாடிபோல ஒரு மைக்கா தகடு இருக்கும், அது கீறினால் ஷார்ட். வெள்ளைப் பசை காய்ந்து பொடியாகியிருந்தால் வழித்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஆரம்பகாலப் பெட்டியில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருந்தால், அந்த இடத்தில் சிலிக்கானைச் சும்மா மாட்டிவிட முடியாது. முன்னது 0.2, 0.3 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும், பின்னதற்கு 0.6 வேண்டும்.

திருகு குமிழின் பின்னுள்ள சுவிட்ச் பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசியது. கொலுசு கறுப்பது எதனாலோ, இதுவும் அதனால்தான் கறுக்கிறது. உப்புத்தாள் போட்டால் முலாமே போய்விடும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முறை திருப்பினால் போதும்.

ஸ்பீக்கரும் நமக்குத் தெரிந்ததே. மைக் செட்காரர்கள் குழாயின் பின்னால் திருகும் உருண்டையை ‘யூனிட்’ என்பார்களே, அதன் முரட்டு அண்ணன். சோதனை மேசையில் இதை மாட்டவே கூடாது. மூடிய அறையில் 100 வாட் சைரன் காதுக்குச் செய்யும் கெடுதி நிரந்தரமானது. 11 ஓமுக்குப் பக்கமான ஒரு பெரிய ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை ஸ்பீக்கர் இடத்தில் போட்டு, ஆசிலாஸ்கோப்பில் அலையைப் பார்ப்பார்கள். கேட்க வேண்டுமென்றால் அதிலிருந்து துளி எடுத்து ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு. வண்டியில் மாட்டித் தெருவில் ஒலிக்கவிடுவது பல நாடுகளில் குற்றம். இந்தியாவிலும் மத்திய மோட்டார் வாகன விதி 119, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்றவற்றுக்கு மட்டுமே இதற்கு விலக்கு தருகிறது.

கடைசிச் சோதனை ‘மேனுவல்’ நிலையில். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒலி ஏறி உச்சியில் நிற்க வேண்டும். விட்டதும் பட்டென்று அறுபடாமல், மின்சாரம் நின்ற சக்கரம் தளர்வதுபோல் இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அது சரியாக வந்துவிட்டால் பெட்டியை மூடலாம். மூடுமுன், கழற்றிய பழைய கண்டன்சரை ஒரு சின்ன உறையில் போட்டு, அச்சிட்ட அளவு, அளந்து பார்த்த அளவு, மாற்றிய தேதி மூன்றையும் எழுதி உள்ளேயே ஒட்டிவைப்பது இந்தப் பித்தர்களின் வழக்கம். இன்னும் முப்பது வருடம் கழித்துப் புதியதும் காயும். அப்போது திறப்பவர் 100 என்ற எண்ணை நம்பிவிடக் கூடாதே.