மஞ்சள் துணி முடிப்பும் அட்டைப் புள்ளியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். அம்மையும் அப்பனும் ஓருருவாய் நின்று அருள்புரியும் சிந்தாமணிநாதர் திருக்கோயில் கொண்ட திருத்தலம் அது. தலவிருட்சம் புளியமரம். இவ்வூர்ப் பெரியோர் தொலைதூரத் தலங்களைத் தரிசிக்க விரும்பினால், பேருந்தேறிச் சங்கரன்கோவிலுக்குச் சென்று, கோமதி அம்மனையும் சங்கரநாராயணரையும் வணங்கி, அங்கிருந்து ரயிலேறுவது வழக்கம்.

அக்காலத்தில் யாத்திரைக்கான பணம் ஒரே நாளில் திரண்டதில்லை. வீட்டுச் செலவில் மிஞ்சிய காசை மஞ்சள் துணியில் முடிந்து பூஜையறையில் வைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த முடிப்பே ஒருநாள் திருப்பதிக்கோ காசிக்கோ வழிச்செலவாகும். பிற்காலத்தில் ரயில்வே அளித்த கட்டணச் சலுகையும் துணைநின்றது. 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணம் குறைந்தது. 2020 மார்ச் மாதம் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. ஓய்வூதியத்தில் வாழும் பலர் அதன்பின் யாத்திரையைத் தள்ளிப்போட நேர்ந்தது.

இந்நிலையில், ‘கடன் அட்டையில் சேரும் புள்ளிகளைக் கொண்டு ரயில் சீட்டு வாங்கலாமாமே!’ என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்வது பெரியோர் செவிகளில் விழுகிறது. அது உண்மைதானா, நமக்கு ஏற்றதா என்று பார்ப்போம்.

புள்ளி என்பது யாது?

1981ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், தன் விமானங்களில் அடிக்கடி பறப்போரின் பயணத் தூரத்தைக் கணக்கிட்டு இலவசப் பயணம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாளடைவில் இவ்வழக்கத்தை வங்கிகளும் கைக்கொண்டன. அட்டையில் நாம் செலவிடும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகள் வரவாகும். அவற்றைப் பின்னர் சீட்டாகவோ பொருளாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாப் புள்ளியும் ஒரே மதிப்புடையது அன்று. சில அட்டைகளில் ஒரு புள்ளி 25 பைசாவுக்கே சமம். ஐ.ஆர்.சி.டி.சி. பெயரோடு இணைந்து எஸ்.பி.ஐ. கார்டு போன்ற நிறுவனங்கள் வழங்கும் அட்டைகளிலோ, ரயில் சீட்டு வாங்குகையில் ஒரு புள்ளி ஒரு ரூபாய்க்கு நிகராகும். ஆயிரம் புள்ளி என்பது ஓரிடத்தில் 250 ரூபாய். மற்றோரிடத்தில் 1,000 ரூபாய். ஆகவே அட்டையைப் பெறுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “ஒரு புள்ளிக்கு எத்தனை பைசா?” என்பதே.

ஓராண்டுக் கணக்கு

ஒரு தம்பதியர் மளிகை, மருந்து, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு மாதம் 10,000 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். 125 ரூபாய்க்கு ஒரு புள்ளி எனில், மாதத்துக்கு 80 புள்ளிகள், ஆண்டுக்கு 960. அதே ஆண்டில் அவர்கள் 8,000 ரூபாய்க்குக் குளிர்சாதன வகுப்புச் சீட்டு வாங்கி, அதற்கு 10 விழுக்காடு புள்ளியாகத் திரும்பினால் மேலும் 800. ஆக மொத்தம் 1,760 ரூபாய் மதிப்பு. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் அதற்கான வரி 90 ரூபாயும் கழித்தால் மிஞ்சுவது 1,170 ரூபாய்.

காசி யாத்திரை முழுவதற்கும் இது போதாது. பழைய சலுகைக்கும் இது ஈடாகாது. ஆயினும், எப்படியும் செய்யும் செலவிலிருந்து சேர்ந்த முடிப்பு என்ற அளவில், சங்கரன்கோவிலிலிருந்து ஒரு ரயில் பயணத்துக்கு உதவும்.

சிற்றூர்க் கடைகளில் அட்டை தேய்க்கும் கருவி இருப்பது அரிது. ஆனால், 2022 முதல் ரூபே வகைக் கடன் அட்டையை யூ.பி.ஐ. செயலியில் இணைத்து, கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டின் வழியாகப் பணம் செலுத்த வழி பிறந்துள்ளது. அத்தகைய செலவுக்குப் புள்ளி உண்டா என்பது அட்டைக்கு அட்டை வேறுபடும். பெட்ரோல், வாடகை முதலியவற்றுக்குப் பல அட்டைகளில் புள்ளி கிடையாது.

புளியம்பழத்தின் மறுசுவை

புளியம்பழத்தில் இனிப்பும் புளிப்பும் பிரியாமல் இருப்பதுபோல, இந்த அட்டையில் புள்ளியும் கடனும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் பெயரிலேயே கடன் இருப்பதை மறத்தல் ஆகாது.

மாதந்தோறும் வரும் கணக்குச் சீட்டில் இரண்டு தொகைகள் காணப்படும். ஒன்று, செலுத்த வேண்டிய முழுத்தொகை. மற்றொன்று, குறைந்தபட்சத் தொகை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று எண்ணுவதே பலரும் செய்யும் பிழை. மீதித் தொகைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி எனில், 10,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 350 ரூபாய். அதற்கு வரியும் உண்டு. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். 80 ரூபாய்ப் புள்ளிக்காக 350 ரூபாயை இழப்பது எவ்வகையில் ஆதாயம்?

ஆகவே, முழுத்தொகையையும் உரிய நாளுக்குள் கட்ட இயலும் என்ற உறுதி உடையோர்க்கு மட்டுமே இவ்வழி ஏற்றது. கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தலை அறவே தவிர்த்தல் நன்று; அதற்கு எடுத்த நாள் முதலே வட்டியும் தனிக் கட்டணமும் உண்டு.

தொடங்குவோர்க்குச் சில வழிமுறைகள்

முதலில் ஒரே ஓர் அட்டை போதும். வருமானச் சான்று காட்ட இயலாத முதியோர்க்கு, வைப்புத்தொகையை ஈடாகக் கொண்டு அட்டை தரும் வங்கிகள் உள்ளன. செலவு வரம்பைச் சிறிதாக வைக்குமாறு எழுதிக் கொடுக்கலாம். ஓய்வூதியம் வரவாகும் கணக்கிலிருந்து, ‘முழுத்தொகை’ தானே கழியுமாறு ஏற்பாடு செய்துகொள்ளுதல் மறதிக்கு நல்ல மருந்து.

புள்ளிகளை நெடுங்காலம் பூட்டிவைத்தலும் தகாது. பல அட்டைகளில் அவை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது; அதை ஒட்டியே யாத்திரைக்கு நாள் குறித்தல் நலம். பதிவு செய்கையில் வயதைச் சரியாகக் குறிப்பிட்டால், 60 வயது நிறைந்த ஆண்களும் 45 வயது நிறைந்த பெண்களும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கோரலாம். ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ பயணம் செய்தால் மட்டுமே இவ்வொதுக்கீடு உண்டு. குழுவாகச் செல்வோர் இதனை நினைவிற்கொள்க.

அட்டை வேண்டாம் என்று தோன்றினால் தயங்க வேண்டியதில்லை. பாக்கி ஏதுமின்றி முடித்துவைக்கக் கோரிய அட்டையை ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் பிறப்பித்த விதி. நாம் கேளாமல் அட்டை வழங்குவதையும் அவ்விதி தடை செய்கிறது.

வஞ்சகர் வலை

“உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன; உடனே இந்த இணைப்பைத் தொடுங்கள்” என்று கைப்பேசிக்கு வரும் செய்தியை நம்பிச் சேமிப்பை இழந்தோர் பலர். புள்ளியை வரவு வைப்பதாகச் சொல்லி எவரேனும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், அவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர் என்று தெளிக. ஐயம் எழுந்தால் அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை நாமே அழைத்துக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டது எனத் தெரிந்த கணமே 1930 என்ற எண்ணில் புகார் செய்தல் அவசியம். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்தல் வஞ்சகனுக்கே துணையாகும்.

அருகிலும் ஒரு காசி

2023 டிசம்பர் முதல் கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாகக் காசிக்கு வாரந்தோறும் ரயில் செல்கிறது. புள்ளியும் சேமிப்பும் கூடிவந்தால் அதிலேறிக் கங்கையில் நீராடி வரலாம். கூடிவராவிடினும் குறையொன்றுமில்லை. காசிக்குச் செல்ல இயலாத அடியார்களும் விசுவநாதரைத் தரிசிக்கும்படி, 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னர் தென்காசியில் பெருங்கோயில் எடுப்பித்தார். வாசுதேவநல்லூரிலிருந்து பேருந்தேறினால் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம்.

வட்டிக்குக் கடன்பட்டுத் தலயாத்திரை செல்லுமாறு எந்தப் பெரியோரும் நமக்குக் கற்பிக்கவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த காசு நம்முடையதாக இருந்தது. அட்டைப் புள்ளியும், மாதக் கணக்கை முழுதும் தீர்த்த பின்னரே நம்முடையதாகிறது. அந்த ஒழுங்கைக் காத்துச் சேர்ப்போர்க்குச் சிந்தாமணிநாதர் திருவருளால் யாத்திரை இனிதே கைகூடுக.