விரத நாளில் அடிஸ் அபாபா

அடிஸ் அபாபாவில் புதன்கிழமை மதியம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தாலும், பரிமாற வருபவர் முதலில் கேட்பது ‘ட்சோமா, ஃபிஸிக்கா?’ என்றுதான். ட்சோம் என்றால் விரதச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் அதில் சேராது. ஃபிஸிக் என்றால் அவை எல்லாம் சேர்ந்தது. பெர்லினிலும் லண்டனிலும் வீகன் உணவுக்கென்று தனிக் கடை, தனிப் பலகை, தனி விலை உண்டு. இங்கே அந்தச் சமையலைச் சாதாரணத் தெருமுனைக் கடை தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது. வீகன் என்ற சொல்லைக் கேள்விப்படாத சமையற்காரர்கள்கூட அதில் தேர்ந்தவர்கள்.

காரணம் மதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாட்கள். ஈஸ்டருக்கு முன்பு 55 நாள், கிறிஸ்துமஸுக்கு முன்பு நாற்பதுக்கு மேல், ஆகஸ்டில் 15 நாள் என்று நீண்ட விரதங்களும் உண்டு. பொதுமக்களுக்கு ஆண்டில் ஏறத்தாழ 180 நாள் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கடைப்பிடிக்கும் துறவிகளுக்கும் குருமார்களுக்கும் 250 வரை போகும். ஈஸ்டருக்கு முந்தைய பெருவிரதத்தின்போது நகரத்தின் கசாப்புக் கடைகள் பல கதவடைத்துக் கிடக்கும். பாதி ஆண்டு பாலும் இறைச்சியும் இல்லாமல் ஊரே சாப்பிட வேண்டும் என்றால், அந்தச் சாப்பாடு ருசியாக இருந்தே ஆக வேண்டும். அடிஸ் அபாபாவின் தாவர உணவு இவ்வளவு நன்றாக இருப்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

கேட்க வேண்டியது ‘யெட்சோம் பெயாய்நெத்து’. அகலமான தட்டில் ஒரு இஞ்செரா விரித்து, அதன் மேல் ஏழெட்டு வகைக் கூட்டுகளைக் குவியல் குவியலாக வைத்துத் தருவார்கள். மிளகாய்ச் சிவப்பில் மைசூர் பருப்பு, மஞ்சள் போட்ட காரமில்லாத பட்டாணிப் பருப்பு, பூண்டு வதக்கிய கோமன் கீரை, முட்டைகோஸ்-கேரட்-உருளைக்கிழங்கு, பீட்ரூட், பச்சை மிளகாய் கிள்ளிப் போட்ட தக்காளி, நடுவில் கடலை மாவுக் குழம்பான ஷிரோ. கரண்டி கிடையாது. இஞ்செராவைக் கையால் கிள்ளி, கூட்டை அள்ளி வாயில் போட வேண்டும். நான்கு பேர் போனால் நான்கு தட்டு வராது. ஒரே பெரிய தட்டு வரும்.

இஞ்செராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையின் தரம் அதில்தான் தெரிகிறது. டெஃப் என்பது கடுகைவிடச் சிறிய தானியம். அதன் மாவைக் கரைத்து, முந்தைய புளிப்பிலிருந்து எடுத்துவைத்த மஞ்சள் நீரை ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுகிறார்கள். பிறகு மித்தாத் என்னும் பெரிய வட்டக் கல்லில் வெளியிலிருந்து உள்ளே சுருளாக ஊற்றி மூடிவிடுவார்கள். நம் ஆப்பத்தைப் போல ஒரு பக்கம் மட்டுமே வேகும், மேலே கண்கண்ணாகத் துளை விழும். நல்ல இஞ்செரா மடித்தால் விரியாது, புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிற்கும், கூட்டின் சாறு இறங்கிய அடிப்பகுதிதான் கடைசியில் போட்டி போட்டுத் தீரும். டெஃப் விலை ஏறிய காலங்களில் அரிசி மாவும் சோள மாவும் கலக்கிறார்கள். கலப்பு இஞ்செரா ஆறியதும் விறைத்து, மடிக்கும் இடத்தில் உடையும். உள்நாட்டு விலை எகிறக் கூடாது என்று 2006-ல் அரசு டெஃப் ஏற்றுமதிக்குத் தடை போட்டதையும், பின்னர்தான் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியதையும் பார்த்தால், இந்தத் தானியம் அந்த நாட்டுக்கு என்ன என்பது புரியும்.

விரத நாளில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். அதில் பழைய வழக்கமானது நூக் எண்ணெய். தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் விதைக்கும் பேயெள்தான் அது. பெர்பெரே என்னும் மசாலாவில் மிளகாய் வற்றல், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், எத்தியோப்பிய ஏலம் எல்லாம் சேர்கின்றன. வெங்காயத்தை எண்ணெயே ஊற்றாமல் வெறும் சட்டியில் நெடுநேரம் வதக்கி, அதன் பிறகே எண்ணெயும் பெர்பெரேயும் போடுவது அங்கத்திய முறை. தமிழ் நாக்குக்கு இந்தச் சமையல் அந்நியமாகப் படாததற்கு இந்த மசாலாப் பெட்டியே காரணம்.

ஆனாலும் கவனம் வேண்டும். விரதமில்லாத நாளில் அதே பருப்பிலும் ஷிரோவிலும் நித்தர் கிப்பே என்னும் மசாலா நெய் இறங்கிவிடலாம். ஆகவே திங்கட்கிழமை போனாலும் ‘ட்சோம்’ என்று சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு. ஷிரோவில் தெகபினோ என்பது சிறு மண்சட்டியில் தளதளவென்று கொதித்தபடி வரும் கெட்டியான வகை. எடுத்த எடுப்பில் கேட்கத் தகுந்தது. போஸெனா ஷிரோ என்றால் உள்ளே இறைச்சி இருக்கும். விரதத்தில் மீன் ஆகுமா ஆகாதா என்பதில் அங்கேயே இரு கருத்து உண்டு. பல கடைகள் விரதப் பட்டியலில் மீனையும் வைக்கின்றன. தேஜ் என்னும் மது தேனில் செய்தது. மற்றபடி வெண்ணெய்ப்பழம், மாம்பழம், பப்பாளிச் சாறுகளை ஒரே கோப்பையில் அடுக்கடுக்காக ஊற்றித் தரும் ‘ஸ்ப்ரிஸ்’ஸைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். கேக் கடைகளில் விரத கேக், பீட்சா கடைகளில் சீஸ் போடாத விரத பீட்சா.

பியாசா பகுதியில் உள்ள தைத்து விடுதி எத்தியோப்பியாவின் முதல் விடுதி. இரண்டாம் மெனெலிக் பேரரசரின் துணைவி தைத்துவின் பெயரால் நிற்கிறது. 2015 ஜனவரியில் தீ விபத்தில் பெரிதும் சேதப்பட்டு மீண்டது. அதன் மதிய விரத பஃபே பயணிகளிடையே பெரும் பெயர் பெற்றது. எல்லா வகையையும் ஒரே இடத்தில் பார்க்க நல்ல வாய்ப்பு. ஆனால் வரிசையில் நின்று தானே எடுத்து வைத்துக்கொள்வதில், ஒரே தட்டைச் சுற்றி நாலு கை நீளும் சுகம் இல்லை. அதற்குத் தெருக்கடையே சரி.

காபிக்கு வருவோம். அரபிக்கா காபி பிறந்ததே இந்த நாட்டின் தென்மேற்குக் காடுகளில். வியப்பு என்னவென்றால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் காபியை முஸ்லிம்களின் பானம் என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். இன்று விளைச்சலில் ஏறக்குறைய பாதியை எத்தியோப்பியர்களே குடித்துவிடுகிறார்கள். காபி விளையும் நாடுகளில் இது அபூர்வம்.

நகரத்தின் காபிக் கடைகளில் இத்தாலிய நெடி தூக்கல். 1936 முதல் 1941 வரையிலான ஆக்கிரமிப்பு போனாலும் எஸ்பிரெஸோ இயந்திரமும் மாக்கியாட்டோவும் தங்கிவிட்டன. 1953-ல் தொடங்கிய டொமோக்கா இன்றும் அந்த வகையில் முதலிடம். பியாசாவின் பழைய கடையில் உயரமான வட்ட மேசைகளைச் சுற்றி நின்றபடியே குடிப்பார்கள். வறுத்த கொட்டையை எடை போட்டும் வாங்கலாம். வறுவல் கறுப்பு, கசப்பு கனம். பழவாசனை தேடும் புதிய ரசிகர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அவர்களுக்கு கலானி இருக்கிறது, ‘சோல்ரெபெல்ஸ்’ செருப்பு நிறுவனத்தைத் தொடங்கிய பெத்லகேம் திலாஹுன் அலெமுவின் ‘கார்டன் ஆஃப் காபி’ இருக்கிறது. எந்த ஊர்க் கொட்டை என்பதைச் சொல்லி, மிதமாக வறுக்கும் தலைமுறை இது. ஏற்றுமதித் தரக் கொட்டையை உள்ளூரில் விற்க நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்த நாட்டில், நல்ல கொட்டையை ஊர்க்காரர்களுக்கே கொடுக்க முனைவது சிறிய காரியம் அல்ல. இதே நாடுதான் சிடாமோ, ஹரார், யிர்காசெஃப் பெயர்களின் உரிமைக்காக ஸ்டார்பக்ஸோடு வாதாடி, 2007-ல் உடன்பாடு கண்டது. விரதக் காலத்தில் சில கடைகள் மாக்கியாட்டோவில் பசும்பாலுக்குப் பதில் சோயா பாலோ நிலக்கடலையோ சேர்க்கின்றன. நிலக்கடலை நுரை கொஞ்சம் கனம்தான், ஆனால் கறுப்பு வறுவலின் கசப்புக்கு அது பொருந்துகிறது.

இத்தனைக்கும் பிறகு, நகரத்தின் சிறந்த காபி எங்கே என்றால் பெயர்ப்பலகை இல்லாத ஜெபெனா புன்னா கடைகளைத்தான் காட்ட வேண்டும். நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள். நடைபாதை ஓரம், குட்டை முக்காலிகள், கரி அடுப்பு, தரையில் பசும்புல், சாம்பிராணிப் புகை. பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டைச் சட்டியில் வறுத்து, இடித்து, நீண்ட கழுத்துள்ள மண்குடுவையில் கொதிக்கவைத்து, காது இல்லாத சின்னக் கோப்பையில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். உடன் சோளப்பொரி. கேட்டால் ஒரு சதாப்பு இலையை மிதக்கவிடுவார்கள். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு அப்படிக் குடித்தால்தான் அதன் மணம் தெரியும். வீடுகளில் இது அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று நடக்கும். கடையில் ஒரு கோப்பையோடு எழுந்துவிடலாம், ஆனால் அவசரப்படுத்துபவர் யாரும் இல்லை.

இந்தக் கடைகள்தான் இப்போது ஆட்டம் கண்டிருக்கின்றன. 2024-ல் சாலை அகலப்படுத்தலுக்காகப் பியாசாவின் பழைய வீடுகளும் கடைகளும் பெருமளவில் இடிக்கப்பட்டு, குடியிருந்தவர்கள் நகரத்தின் விளிம்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அகலமான நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் வந்தன. அலுவலகம் விட்டு வருபவர் பத்து நிமிடம் உட்கார்ந்து போகும் கடைக்கு அலுவலகம் பக்கத்தில் இருக்க வேண்டும். விளிம்புக்குப் போனால் வாடிக்கையாளரும் இல்லை, வருமானமும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டதும் பொருட்களின் விலை ஏறியது. அழகான புதிய சாலையில் ஒரு கரி அடுப்புக்கும் நாலு முக்காலிக்கும் இடம் ஒதுக்குவது நகராட்சிக்குப் பெரிய செலவு அல்ல, ஒதுக்கத்தான் வேண்டும். இப்போதைக்கு அங்கே போகிறவர்கள் பழைய பயண நூலின் முகவரிகளை நம்பாமல், தங்கும் இடத்தின் காவலாளியிடமோ டாக்ஸிக்காரரிடமோ அவர்கள் குடிக்கும் கடை எது என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

(தொடரும்)