பாட்டி கையில் போன் ஆட்டம்: ஆடலாம், மறைக்க வேண்டாம்!



பேரணாம்பட்டு பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். ஊக்குநர் சேமிப்புப் பணத்தை வாங்கி நோட்டில் வரவு வைத்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையில் ஒரு அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அந்த அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "ஒண்ணும் இல்ல மேடம், லூடோதான். இந்த வயசுல இன்னா ஆட்டம்னு கேக்காதீங்க" என்று போனை மடியில் ஒளித்துக்கொண்டார்.

நாங்கள் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா, "நானும் ஆடுவேன், மருமவ தூங்கினப்புறம்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய நம் உறுப்பினர்கள் பலர் ஏதோ ஒரு போன் ஆட்டம் ஆடுகிறார்கள், ஆனால் யாருமே வெளியே சொல்வதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. வயதானவர்கள் போனில் என்ன ஆடுகிறார்கள், அது ஏன் பிடிக்கிறது, அதில் நல்லது என்ன, ஆபத்து எங்கே என்பதைப் பார்ப்போம்.

ஆட்டம் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. நம் பாட்டிமார் திண்ணையில் கட்டம் போட்டு தாயம் ஆடினார்கள். புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடினார்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் நம் சகோதரிகளுக்குப் பச்சீஸ் என்ற பேர் தெரியும். பச்சீஸ் என்றால் இருபத்தைந்து. அக்பர் கட்டிய பதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அந்த ஆட்டத்தின் கட்டம் தரையிலேயே பெரிதாகப் போடப்பட்டிருக்கிறது. அதே ஆட்டத்தை வெள்ளைக்காரர்கள் சுருக்கி, 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று பதிவு செய்துகொண்டார்கள். இன்றைக்கு நாம் போனில் ஆடும் லூடோ கிங், மும்பையை அடுத்த நவி மும்பையில் உள்ள ஒரு நிறுவனம் 2016இல் கொண்டு வந்தது.

ஆகவே, வெளியூர் போன நம் வீட்டுப் பிள்ளைதான் பேரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது! தாயத்தில் காய் இறங்க தாயம் விழ வேண்டும், லூடோவில் ஆறு விழ வேண்டும். வெட்டுவதும் பழம் எடுப்பதும் இரண்டிலும் உண்டு. அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்கிறார்.

அப்படியானால் நடுவில் ஏன் ஆட்டம் நின்றுபோனது? விடிந்தால் ஷூ கம்பெனி வண்டி. வீட்டில் இருந்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று 'அப்பர்' தைக்கும் வேலை. அல்லது மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றும் வேலை. இதற்கு நடுவில் சமையல், தண்ணீர், பிள்ளைகள். பெண்ணுக்கு ஓய்வு என்ற ஒன்றே கணக்கில் இல்லை. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியபோதுதான், பிள்ளைகள் படிக்க வாங்கிய போன் நம் கைக்கும் வந்தது. பலரும் லூடோ கற்றுக்கொண்டது அப்போதுதான்.

என்னென்ன ஆட்டங்கள்?

*கட்ட ஆட்டங்கள்:* லூடோ, கேரம், பாம்பு ஏணி. பல்லாங்குழியும் ஆடு புலி ஆட்டமும்கூட இப்போது போனில் கிடைக்கின்றன. இரண்டு மூன்று பேர் ஒரே போனில் மாறி மாறி ஆடலாம். பேரப்பிள்ளையோடு ஆட ஏற்றது இதுதான்.

*சேர்க்கும் ஆட்டங்கள்:* 2012இல் வந்த கேண்டி க்ரஷ் இந்த வகை. ஒரே நிற மிட்டாய்கள் மூன்றை ஒரு வரிசையில் கொண்டுவந்தால் அவை மறையும். "தையல் போடும்போது கண்ணு தானா வரிசையைப் பாக்கும் இல்ல, அது மாதிரிதான்" என்று ஒரு அக்கா சொன்னார்.

*அடுக்கும் ஆட்டங்கள்:* மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்து இல்லாமல் அடுக்க வேண்டும். 1984இல் மாஸ்கோவில் ஒரு கம்ப்யூட்டர் பொறியாளர் உருவாக்கிய டெட்ரிஸ்தான் இதற்கு மூலம். தோலில் துண்டு வீணாகாமல் அச்சு வைத்து வெட்டுகிறவர்களுக்கு இது கை வந்த கலை.

*பண்ணை ஆட்டங்கள்:* 2012இல் வந்த ஹே டே போன்றவை. கோதுமை விதைத்து, அறுத்து, கோழிக்குத் தீனி போட்டு, முட்டையை விற்க வேண்டும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஒரு அம்மா இதைத்தான் விரும்பி ஆடுகிறார். "பாலாறு காஞ்சாலும் இதுல பயிர் காயாது மேடம்" என்றார். சிரித்துவிட்டோம், ஆனால் மனசு கனத்தது.

*சொல் ஆட்டங்கள்:* எழுத்துகளைச் சேர்த்துச் சொல் அமைப்பது, குறுக்கெழுத்து. அறிவொளி இயக்கத்தில் படித்துவிட்டுப் பின்னால் எழுத்து மறந்துபோனவர்களுக்குத் தமிழ்ச் சொல் ஆட்டம் நல்ல பயிற்சி.

ஞாபக சக்தி கூடுமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 60 முதல் 85 வயதுள்ளவர்களைத் தங்கள் ஆய்வுக்கென்றே செய்த ஒரு கார் ஓட்டும் ஆட்டத்தை ஆட வைத்தார்கள். ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம். ஒரே சமயத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் அவர்களுக்குக் கூடியது, ஆறு மாதம் கழித்தும் அது இருந்தது என்று 2013இல் வெளியிட்டார்கள்.

ஆனால் இதை வைத்து 'ஆடினால் மறதி நோய் வராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லி மூளைப் பயிற்சி ஆட்டம் விற்ற லுமாசிட்டி என்ற நிறுவனம், போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்த வழக்கில் 2016இல் அமெரிக்க அரசுக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆட்டம் மருந்து அல்ல. மனசுக்கு ஒரு மாற்றம், பேரப்பிள்ளையோடு ஒரு பேச்சு, தனிமையில் ஒரு துணை. அதுவே போதுமே!

ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டி 1930இல் பிறந்தவர். தன் 51ஆம் வயதில் வீடியோ ஆட்டம் ஆடத் தொடங்கினார். 2020இல், 90 வயதில், உலகிலேயே வயதான வீடியோ ஆட்ட யூடியூபர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். அவர் முந்தானையில் மறைத்து ஆடவில்லை. உலகமே பார்க்க ஆடினார்.

மறைத்ததால் வந்த வினை

இனி ஒரு வருத்தமான விஷயம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதிக் குழு ஒன்றில் நடந்தது. ஷூ கம்பெனியில் வேலை செய்து ஓய்ந்த ஒரு அம்மா. கணவர் இல்லை. முதியோர் உதவித்தொகையும், குழுவில் வாங்கிய உள்கடனில் வைத்த சிறு இட்லிக் கடையும்தான் வருமானம். பொழுதுபோக்காக இலவச ஆட்டம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு விளம்பரம் வந்தது: 'ரம்மி ஆடுங்கள், போனஸ் பெறுங்கள்.'

முதலில் 50 ரூபாய் கட்டினார், 120 ரூபாய் வந்தது. மறுநாள் 200 கட்டினார், போனது. போனதை எடுக்க 500. அப்புறம் அதை எடுக்க இன்னொரு 500. மூன்று வாரத்தில் உதவித்தொகையும் இரண்டு தவணைப் பணமும் கரைந்துவிட்டன.

யாரிடமும் சொல்லவில்லை. 'இந்த வயசுல ஆட்டமா' என்று கேட்பார்களே என்ற பயம். இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் ஊக்குநரும் பிரதிநிதியும் வீட்டுக்குப் போனபோதுதான் அழுதுகொண்டே சொன்னார்.

முதல் 50 ரூபாயிலேயே மகளிடமோ குழுவிலோ சொல்லியிருந்தால் அத்தோடு நின்றிருக்கும். அவரை ஏமாற்றியது ஆட்டம் மட்டும் அல்ல, நாம் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஏற்படுத்திய வெட்கமும்தான்.

அந்தக் குழு அவருக்கு அபராதம் போடவில்லை. பாக்கித் தவணையை நான்காகப் பிரித்துக் கட்டச் சொல்லித் தீர்மானம் எழுதினார்கள். கூட்டத்திலேயே போனைத் திறந்து அந்த ஆட்டத்தை நீக்கினார்கள். இதுவல்லவா குழு!

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் தமிழ்நாட்டில் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எந்த இணைய ஆட்டத்தையும் நடத்தக்கூடாது என்கிறது அது. மீறி நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

ஆனாலும் வாட்ஸ்அப்பில் 'லிங்க்' அனுப்பிக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடவே வேண்டாம்.

இலவச ஆட்டத்திலும் காசு எங்கே இருக்கிறது?

'இலவசம்னா அவனுக்கு இன்னா லாபம்?' என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. ஒன்று, விளம்பரம். இரண்டு, நம் அவசரம். கேண்டி க்ரஷில் ஐந்து 'உயிர்' தருவார்கள். தோற்றால் ஒன்று குறையும். ஐந்தும் போனால் அடுத்த உயிர் வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் காசு கொடுத்து வாங்குவார். அந்த அரை மணியை நாம் அடுப்பைப் பார்க்கவோ, இடுப்பை நிமிர்த்தி நடக்கவோ பயன்படுத்தினால் ஜெயித்தது நாம்தான்!

செய்ய வேண்டியவை

1. ஆட்டத்தை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். மகனோ மகளோ பேத்தியோ பக்கத்தில் இருக்கட்டும்.

2. லூடோ கிங்கில் கம்ப்யூட்டரோடும், பக்கத்தில் இருப்பவரோடும் ஆட நெட் தேவையில்லை. நெட்டை அணைத்துவிட்டு ஆடினால் விளம்பரத் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது.

3. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். குழந்தை தெரியாமல் அமுக்கினாலும் பணம் போகாது.

4. மகளிர் உரிமைத் தொகை, உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கை எந்த ஆட்டத்தோடும் இணைக்காதீர்கள். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. 'பரிசு வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க' என்றால் அது ஏமாற்று.

5. நாள் முழுக்கத் தைத்த கண்ணுக்கு போன் இன்னொரு பாரம். செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கித் தூரத்து மரத்தைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் ஆடாதீர்கள், தூக்கம் கெடும். பார்வை மங்கலாகத் தெரிந்தால் போனைக் குறை சொல்லாமல் கண் பரிசோதனைக்குப் போங்கள், புரையாக இருக்கலாம்.

6. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். இது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. முதியோர் எந்த உதவிக்கும் 14567ஐ அழைக்கலாம்.

மருமகள்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வார்த்தை

மாமியார் போனைப் பார்த்துச் சிரித்தால், 'ஏதோ கெட்டுப்போச்சு' என்று நினைக்காதீர்கள். முப்பது வருஷம் தோலோடும் பசையோடும் கிடந்த கை அது. அரை மணி நேரம் ஆடட்டும். கூட உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். அப்போது அந்த போனில் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பணத்தை இழந்த அந்த அம்மா இப்போதும் லூடோ ஆடுகிறார். மாலையில் இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து பேத்தியோடு, எல்லாரும் பார்க்க ஆடுகிறார். பாக்கித் தவணையை முழுசும் கட்டிவிட்டார். "பேத்தி அழுகுணி ஆட்டம் ஆடுறா மேடம்" என்பதுதான் இப்போது அவருடைய ஒரே புகார்!

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

- நம் குழுவில் யார் யார் போனில் ஆடுகிறோம்? என்ன ஆட்டம்?
- யாருக்காவது பணம் கட்டச் சொல்லி லிங்க் வந்திருக்கிறதா?
- 1930 என்ற எண் எல்லாருடைய போனிலும் பதிவாகி இருக்கிறதா?
- பணத்தை இழந்த உறுப்பினர் தயங்காமல் வந்து சொல்ல, நம் குழு என்ன தீர்மானம் எழுதலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

ஆடுவோம், வெளிப்படையாக ஆடுவோம், உழைத்த காசைக் காப்போம்!