திரீ நாட் திரீயின் உதை

பாலக்காடு, இடுக்கி எல்லையில் ஊருள்ள அன்பர்கள் பலருக்குக் காக்கி அணிந்த மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். முட்டிக்குளங்கரையில் ஆயுதப்படை முகாமே உண்டு. கேரளப் போலீஸார் பல்லாண்டு ஏந்திய .303 துப்பாக்கியின் எடை சுமார் 4 கிலோ. 11 கிராம் குண்டை விநாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் தள்ளும். அதற்கு ஈடான உதை தோளுக்கு. கட்டையின் முனையில் ரப்பர் கிடையாது, பித்தளைத் தகடுதான்!

உதைக்குப் பயந்து கண்ணை மூடினால் குறி தவறும். தோளுக்கும் கட்டைக்கும் இடைவெளி விட்டாலோ, கட்டை வேகமெடுத்து வந்து மோதும். தோள்குழியில் இறுக்கிப் பதித்தால் உடம்பும் சேர்ந்து பின்வாங்கும், அடி குறையும். காறை எலும்பில் மட்டும் வைக்கவே கூடாது. நின்று சுடுபவர் சற்று முன்சாய வேண்டும். படுத்துச் சுட்டால் உடம்பு நகர வழியில்லை. உதை கூடுதலாகவே தெரியும். அங்கே தோளுக்கு ஒரு மெத்தை வைத்துக்கொள்வதில் வெட்கமென்ன?