ஒட்டுண்ணியின் பந்தி – 9: பசியாறியபின் வந்த காய்ச்சல்

பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டால் உடம்பு தேறும். இதில் யாருக்குச் சந்தேகம் வரும்? 1970களின் தொடக்கத்தில் சஹாராவின் தெற்கு விளிம்பில் மழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடியது. நைஜர் நாட்டின் கிழக்குக் கோடியில் திஃபா என்ற சிற்றூர். அங்கிருந்த ஆஸ்பத்திரியை நடத்த வந்த முர்ரே குடும்பத்துக்கும் அப்போது அந்தச் சந்தேகம் இருந்திருக்காது. அப்பா மருத்துவர், அம்மா நுண்ணுயிரியலாளர், கையாட்கள் சொந்தப் பிள்ளைகள்.

எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்தார்கள். சில நாட்களில் அவர்களில் பலருக்குக் குளிர்காய்ச்சல். மலேரியா! வந்த அன்று அதன் அறிகுறியே இல்லை. பழியைக் கொசு மேல் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவர்கள் விடவில்லை. கிருமி முன்பே உடம்பில் இருந்திருக்கிறது, ஆளோடு சேர்ந்து அதுவும் பட்டினி கிடந்திருக்கிறது, இலை போட்டதும் அதுவும் பந்தியில் உட்கார்ந்துவிட்டது என்று கணித்தார்கள். 1975இல் ‘லான்செட்’ இதழில் குடும்பமாகவே எழுதினார்கள். (அந்தப் பிள்ளைகளில் ஒருவரான கிறிஸ்டோஃபர் முர்ரேதான் பிற்காலத்தில் உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.)

சாப்பாட்டில் அப்படி எது கிருமியைத் தட்டி எழுப்பியது? அவர்கள் சந்தேகம் இரும்புச்சத்தின் மேல் விழுந்தது. அடுத்து, இரத்தசோகை பிடித்த சோமாலிய நாடோடிகளில் 71 பேருக்கு ஒரு மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை தின்றவர்களிடையே தொற்று 7 முறைதான் வந்தது. இரும்பு தின்றவர்களிடையே 36 முறை. அடங்கிக் கிடந்த மலேரியா, காசநோய் எல்லாம் அதில் சேர்த்தி. 1978இல் இது வெளியானது.

போன வாரம் பார்த்த கொக்கிப்புழு நம் இரத்தத்தை உறிஞ்சி இரும்பைக் கரைக்கிறது. மலேரியாவின் கணக்கு வேறு. இரும்பு போதாத சிவப்பணுவில் அதற்குச் சரியான வளர்ச்சி கிடையாது. மாத்திரை போட்டதும் எலும்பு மஜ்ஜை புத்தம்புதுச் சிவப்பணுக்களை அனுப்புகிறது. ஃபால்சிபரம் வகைக் கிருமிக்கு அந்த இளசுகள் மேல்தான் ஆசை. உடம்புக்கும் இது தெரியும் போலிருக்கிறது. தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரும்பைக் கிருமியின் கைக்கு எட்டாமல் பதுக்கிவைக்கிறது. நாம் மாத்திரையைக் கொண்டுபோய் வாசலில் கொட்டுகிறோம்.

முர்ரே குடும்பத்தின் சந்தேகத்தைப் பெரிய அளவில் சோதித்துக் காட்டியது கிராம்பு விளையும் பெம்பா தீவு. தான்சானியாவின் ஸன்ஸிபார் பகுதியைச் சேர்ந்தது. கைக்குழந்தையிலிருந்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் வரை தினம் ஒரு சின்ன மாத்திரை, ஒரு வயது நிரம்பாதவர்களுக்கு அதில் பாதி. தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துப் புகட்ட வேண்டும். 12.5 மில்லிகிராம் இரும்பு, கொஞ்சம் ஃபோலிக் அமிலம், அவ்வளவுதான். நல்லது செய்யத்தான் கொடுத்தார்கள். ஆனால் 2003 ஆகஸ்டில் கண்காணிப்புக் குழு சொல்லி, இரும்பு கொடுப்பதை நடுவிலேயே நிறுத்த நேர்ந்தது. 24,076 குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் சேர்வதும் சாவும் சேர்ந்து இரும்பு பெற்றவர்களிடம் 12 சதவீதம் கூடுதல். மலேரியா இல்லாத நேபாளச் சமவெளியில் இதே மாத்திரையைக் கொடுத்தபோது இந்தக் கெடுதல் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, பட்டினி மலேரியாவுக்கு மருந்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். எடை குறைந்து வற்றிப்போன குழந்தையை மலேரியா பிடித்தால் அது சாகும் அபாயம் அதிகம். பெம்பாவிலேயே இன்னொரு செய்தி உண்டு. அடிக்கடி பரிசோதித்து, காய்ச்சல் கண்டவுடன் சிகிச்சை கொடுத்த ஒரு சிறு பிரிவில், இரத்தசோகையோடு இரும்புக் குறைவும் இருந்த பிள்ளைகளுக்கு அதே மாத்திரை நன்மையே செய்தது. மலேரியா மிகுந்த இடங்களில் அதைத் தடுத்து, கண்டுபிடித்து, குணப்படுத்தும் ஏற்பாட்டோடு சேர்த்தே இரும்பு கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது இதனால்தான். நம் பள்ளிகளில் வாரம் ஒன்று கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையைப் பிள்ளைகள் தாராளமாகச் சாப்பிடலாம். மலேரியா நம்மிடம் அவ்வளவு குறைந்துவிட்டது.

சாப்பாட்டுக்கும் மலேரியாவுக்கும் உள்ள இந்த உறவுக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1952இல் லிவர்பூலில் மலேரியா ஏற்றிய எலிகளுக்குப் பாலை மட்டும் கொடுத்தார்கள். கிருமி தலையெடுக்கவே இல்லை. பாலில் என்ன இருந்தது என்று தேடியவர்கள் கடைசியில் அதில் என்ன இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள்.

(அது என்ன என்பது அடுத்த வாரம்)